லாரி வரலைன்னா யாரு திம்பா?

போன மாதம் ஆசிரியர் குழுவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வியை எனக்கு அனுப்பியிருந்தார்கள். "எனக்கு 4 ஏக்கர் கிணற்றுப் பாசனம். ஒரு கம்பெனிக்காரர் விதை, உரம், மருந்து எல்லாம் கடனாகத் தருகிறேன், விளைந்ததை முழுக்க நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். மார்க்கெட்டுக்கு அலையும் வேலை இல்லை என்பதால் 4 ஏக்கரிலும் போடலாமா என்று யோசிக்கிறேன். நம்பி இறங்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

கேள்வி-பதில் பகுதிக்கு 10 வரி எழுதினால் போதும் என்றார்கள். எழுதினேன். ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள், வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள் என்று வழக்கமான 10 வரி. அனுப்பாமல் கிழித்துப் போட்டுவிட்டேன். காரணம், இதே கேள்வியை 2007-ல் என்னிடம் வேறு ஒருவர் கேட்டார். அன்றைக்கு நான் சொன்ன பதில் 2 வரிகூட இல்லை. "தாராளமா போடுங்க மாப்ளே, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

கேட்டவர் என் தங்கை கணவர்.

அவருக்கு வேடசந்தூர் பக்கம் மூன்றரை ஏக்கர். செம்மண். ஒரு கிணறு, பிறகு போட்ட ஒரு போர். தக்காளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் சோளம், 2 மாடு என்று ஓடிக்கொண்டிருந்த குடும்பம். தக்காளி விலை ஒரு வருடம் தூக்கிவிடும், 2 வருடம் குப்புறத் தள்ளும். அந்த நேரத்தில்தான் எங்கள் பக்கம் கெர்கின் வெள்ளரி பரவிக்கொண்டிருந்தது. விரல் நீளத்துக்கு இருக்கும்போதே பறித்து, உப்புநீரிலோ வினிகரிலோ ஊறப்போட்டு, டிரம்மில் அடைத்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புவார்கள். நம் நாட்டில் 1990-களில் கால் வைத்த பயிர். கர்நாடகத்திலும் நம் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்திலும் முழுக்க ஒப்பந்த முறையில்தான் சாகுபடி. கம்பெனியின் களப்பணியாளர் வாரம் தவறாமல் வயலுக்கு வருவார். விதை, உரம், மருந்து வீடு தேடி வரும். காய் எடுக்கத் தினமும் வண்டி வரும்.

வேளாண் பட்டம் படித்தவன் கண்ணுக்கு இதைவிட அழகான ஏற்பாடு இருக்குமா? விதைத்த 30, 35 நாளில் பறிப்பு, 3 மாதத்துக்குள் பயிர் முடிந்துவிடும், விலை முன்கூட்டியே பேசியாயிற்று. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

2007 தை மாதம் அரை ஏக்கரில் போட்டார். நன்றாக வந்தது. 2008-ல் ஒரு ஏக்கர். அதுவும் நன்றாக வந்தது. தங்கைக்கு ஒரு கிரைண்டர் வாங்கினார், பையனைப் பக்கத்து டவுன் பள்ளியில் சேர்த்தார். நான் ஊருக்குப் போனால் வாசலிலேயே, "வாங்க மச்சான், நீங்க சொன்னதுதான்" என்பார். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. 2009 தையில் தக்காளியையும் வெங்காயத்தையும் விட்டுவிட்டு 2 ஏக்கரில் கெர்கின் போட்டார். கம்பு நட்டு, கயிறு கட்டி, சொட்டுநீருக்குக் கொஞ்சம் கடன் வாங்கி.

கெர்கின் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காய்க்கு எடையைவிட அளவுதான் விலை. ஒரு கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நின்றால் நல்ல விலை. 100, 60, 30 என்று காய் பெருக்கப் பெருக்க விலை படிப்படியாக இறங்கும். முதல் ரகத்துக்கும் கடைசி ரகத்துக்கும் பல மடங்கு வித்தியாசம். காலையில் விரல் அளவு இருக்கும் பிஞ்சு, ஒரு நாள் விட்டால் கைப்பிடி அளவாகிவிடும். ஆக, இந்தப் பயிரில் நீங்கள் விற்பது காயை அல்ல, நேரத்தை. வண்டி ஒரு நாள் வரவில்லை என்றால் அன்றைய காய் மட்டும் போகாது. மறுநாள் பறிப்பின் ரகமும் சேர்ந்து விழும்.

2008 கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்த செய்தியை நான் பேப்பரில் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தேன். அதற்கும் வேடசந்தூர் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மாசியில் பறிப்பு தொடங்கியது. முதல் 10 நாள் சரியாக இருந்தது. பிறகு வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. களப்பணியாளரைக் கேட்டால், "வெளிநாட்டு ஆர்டர் குறைஞ்சிருக்குண்ணே, சரியாயிடும்" என்றார். அடுத்து, போன வருடம் எடுத்துக்கொண்ட காயை இந்த வருடம் வளைசல், நிறம் மங்கல் என்று கழித்தார்கள். கழிப்பதும் நம் கண் முன்னால் இல்லை. மூட்டை தொழிற்சாலைக்குப் போனபின் 2 நாள் கழித்துச் சீட்டு வரும்: இத்தனை கிலோ அனுப்பினீர்கள், இத்தனை தள்ளுபடி. பங்குனி முதல் வாரத்தில் 3 நாள் வண்டியே வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது கொடி முழுக்கப் பெருத்த காய். அதில் ஒரு கிலோகூட அவர்கள் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு வேன் பிடித்து 400 கிலோவை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். பல வருடம் அவருக்குத் தக்காளி விற்றுக் கொடுத்த கமிஷன் கடைக்காரர் ஒரு காயை எடுத்து உடைத்துப் பார்த்து, "இது என்னண்ணே காய்? யாரு வாங்குவா இதை?" என்றாராம். சாதாரண வெள்ளரிக்காய் என்றால்கூடச் சந்தையில் பத்து பேர் நிறுத்துக் கொண்டுபோவார்கள். இதை யாரும் தொடவில்லை. வேன் வாடகை கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார். தங்கை பொரியல் செய்து பார்த்தாள், ஊறுகாய் போட்டுப் பார்த்தாள். கடைசியில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்டார்கள். ஆடும் ஒரு அளவுக்கு மேல் தின்னவில்லை.

நான் போய்ச் சேர்ந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஒப்பந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். ஆங்கிலத்தில் 3 பக்கம். 2007-ல் அவர் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் காட்டிய அதே தாள்தான். அன்றைக்கு முதல் பக்கத்தில் விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தவன் நான். இரண்டாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: தரம் குறித்துக் கம்பெனியின் முடிவே இறுதியானது, சந்தை நிலவரத்தைப் பொறுத்துக் கொள்முதலைக் குறைக்கவோ நிறுத்தவோ கம்பெனிக்கு உரிமை உண்டு, இடுபொருள் கடன் எந்த நிலையிலும் திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்.

அவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை. எழுதித்தான் கொடுத்திருந்தார்கள். வேளாண்மை அலுவலர் படிக்கவில்லை.

விதை, உரம், மருந்துக் கடன் 38,000 ரூபாய் நின்றது. பறிப்புக்கு வந்த பெண்களுக்கு 2 வாரக் கூலி பாக்கி. தங்கையின் 5 பவுன் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. திரும்பி வர 2 வருடம் ஆனது. அந்த 2 வருடமும் மாப்பிள்ளை என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நான் போனால், "வாங்க" என்பார், தண்ணீர் கொடுக்கச் சொல்லுவார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். தங்கைதான் ஒரு தடவை சொன்னாள்: "கம்பெனிக்காரன் மேல அவருக்குக் கோவம் இல்லண்ணே. எங்க மச்சான் ஆபீசர், அவரு பார்த்துட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சாரு பாரு, அதான்."

அதன்பிறகு அவர் என்னிடம் யோசனை கேட்பதை நிறுத்திவிட்டார். அவராகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். எந்தப் பயிரைப் பற்றி யார் பேசினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "லாரி வரலைன்னா யாரு திம்பா?" என்பதுதான். ஊரில் கிண்டல்கூடச் செய்வார்கள். ஆனால், யோசித்துப் பாருங்கள். வாங்கவேண்டியவர் வாங்கவில்லை என்றால் அந்தப் பொருளை வேறு யாராவது வாங்குவார்களா, வீட்டிலும் மாட்டுக்கும் ஆகுமா, 10 நாள் வைத்திருக்க முடியுமா என்கிற மூன்றும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கின்றன. மக்காச்சோளம் என்றால் தீவன ஆலை எடுக்காவிட்டால் காயவைத்து மூட்டை கட்டலாம், நம் மாட்டுக்கும் அரைக்கலாம். சின்ன வெங்காயம் என்றால் பட்டறையில் வைக்கலாம். கெர்கினுக்கு மூன்றுக்குமே பதில் கிடையாது.

தக்காளிக்கும் கத்தரிக்கும் அவர் திரும்பினார். இந்தத் தடவை ஜாக்கிரதையாக, ஒரே கமிஷன் கடையில் போடாமல் ஒட்டன்சத்திரத்தில் 3, 4 கடைகளுக்குப் பிரித்துப் போட்டார். யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. இது முக்கியம். சாகுபடிக்கு முன்பணம் வாங்கிய கடைக்குத்தான் சரக்கைக் கொண்டுபோயாக வேண்டும். பக்கத்துக் கடையில் கிலோவுக்கு 2 ரூபாய் அதிகம் என்றாலும் தலையைத் திருப்ப முடியாது. வட்டி இல்லாத கடன் என்று நாம் நினைப்போம். வட்டி விலைக்குள் இருக்கும். அந்தக் கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவசரத்துக்கு வங்கி தராத பணத்தை ராத்திரி 9 மணிக்கு எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். ஆனாலும் விதைக்காகும் செலவுக்குக் கிசான் கார்டு கடனை வைத்துக்கொண்டு, விற்கும் கையைக் கட்டிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

4 கடைக்குப் பிரித்துப் போட்டால் ஆபத்து போய்விட்டது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். 2018 ஆகஸ்டில் அதுவும் பொய்த்தது. ஓணத்துக்குக் கேரளாவில் காய்கறி நல்ல விலை போகும் என்று கணக்குப் போட்டு நாள் பார்த்து நடவு செய்வது எங்கள் பக்கம் வழக்கம். அந்த வருடம் ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் கேரளாவில் பெருவெள்ளம். மலைப்பாதைகளில் மண் சரிந்தது, லாரிகள் போகவில்லை. 4 கடையிலும் சரக்கு அப்படியே நின்றது. ஏனென்றால் கடைகள்தான் 4. அங்கிருந்து கிளம்பும் லாரிகளில் பெரும்பாலானவை போவது ஒரே மாநிலத்துக்கு. நாம் பார்ப்பது நம் முன்னால் நிற்கும் வியாபாரியை மட்டும். அவருக்குப் பின்னால் யார், அந்த யாருக்குப் பின்னால் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், பல வழிகள் போலத் தெரிவது கடைசியில் ஒரே வாசலில் போய் முட்டும். அமெரிக்க வங்கிக்கும் வேடசந்தூர் தோட்டத்துக்கும் சம்பந்தம் இருந்தது இப்படித்தான்.

அன்றைக்கு ராத்திரி வெகு நாளைக்குப் பிறகு அவரே எனக்கு போன் செய்தார். "மச்சான், கேரளா லாரி போகாட்டி நம்ம காய் வேற எங்கதான் போகும்?" என்று கேட்டார். 9 வருடம் கழித்து என்னிடம் கேட்ட முதல் யோசனை. இந்தத் தடவை உடனே பதில் சொல்லவில்லை. "2 நாள் குடுங்க, விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரித்ததில், திண்டுக்கல் உழவர் சந்தையில் கொஞ்சம், மதுரைக்குக் கொஞ்சம், மீதியைத்தான் ஒட்டன்சத்திரத்துக்கு என்று பிரிக்கலாம் என்று தோன்றியது. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது நான் பணிக்கு வந்த புதிது. அதைச் சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். தினமும் 40, 50 கிலோதான் அங்கே விற்க முடியும். உண்மை. ஆனால், மற்ற கதவெல்லாம் மூடிய நாளில் 40 கிலோ என்பது அன்றைய அடுப்புச் செலவு. உழவர் அடையாள அட்டை வாங்கி வைக்காதவர்கள், விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

அந்த அட்டை 2020-ல் கை கொடுத்தது. மார்ச் 24-ம் தேதி ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். விவசாய வேலைக்குத் தடை இல்லை என்றார்கள், ஆனால் டிரைவர் இல்லை, பறிக்க ஆள் இல்லை, கேரள எல்லையில் கெடுபிடி. மே முதல் வாரத்தில் கோயம்பேடும் மூடப்பட்டது. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் வாகன அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தே கை வலித்தோம். மாப்பிள்ளை வீட்டில் அப்போது முருங்கை ஒரு ஏக்கர், கத்தரி, வெண்டை, 3 கறவை மாடு. முருங்கை மரத்திலேயே முற்றியது. அது போச்சு. பால் மட்டும் சொசைட்டிக்கு ஒரு நாளும் தவறாமல் போனது. பையன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்-லில் 100 ரூபாய்க்குக் காய்கறிப் பை கட்டி டவுனில் 2 தெருவுக்கு விற்றான். அந்த 2 தெருவில் சில வீடுகள் இன்றைக்கும் வாங்குகின்றன.

ஒப்பந்த முறையே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதே 2020 தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா பரவும் என்று வதந்தி கிளம்பி, கறிக்கோழி விலை படுத்துவிட்டது. சொந்தமாக வளர்த்தவர்களுக்கு முழு அடி. கம்பெனிக்கு வளர்த்துக் கொடுத்தவர்களுக்கு வளர்ப்புக் கூலி கிடைத்தது, விலை நட்டம் கம்பெனியோடு நின்றது. அடுத்த குஞ்சு தாமதமாக வந்ததுதான் அவர்களுக்குத் தொல்லை. அதாவது, நல்ல ஒப்பந்தம் விலை இறங்கும் பயத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும். எந்தப் பயம் யார் தலையில் என்பதை எழுதுவதற்குத்தான் அந்தத் தாள். எங்கள் கெர்கின் தாளில் எல்லாப் பயமும் ஒரே தலையில் இருந்தது.

வாங்கும் பக்கத்துக்கும் இதே கதைதான். 2021 ஐப்பசியில் டி.ஏ.பி. தட்டுப்பாடு வந்தபோது கடைகளில் வரிசை. நம் நாட்டு டி.ஏ.பி.-யில் பெரும்பங்கு வெளியிலிருந்து வருகிறது, பொட்டாஷ் அநேகமாக முழுக்க வெளியிலிருந்துதான். எங்கோ கப்பல் தாமதமானால் நம் நடவு நிற்கிறது. "டி.ஏ.பி. இல்லாட்டி நடவே இல்லை சார்" என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் இருப்பது 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து. 3 மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் சுமார் 20 கிலோ யூரியாவும் போட்டால் அதே சத்து கிடைத்துவிடும். கூடவே சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்பும் இருப்பதால் கடலைக்கும் வெங்காயத்துக்கும் இன்னும் நல்லது. சுமக்க மூட்டை அதிகம், அவ்வளவுதான் குறை. மாற்று என்ன என்று தட்டுப்பாடு வருமுன்பே தெரிந்து வைத்திருந்தால் வரிசையில் நின்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. மண் பரிசோதனை செய்திருந்தால் பல வயல்களில் அந்த 3 மூட்டையும் தேவைப்படாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் குறைவு!

விதைக்கும் ஒரு வார்த்தை. ஒரே ரகத்தை, ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கி முழு நிலத்துக்கும் போடாதீர்கள். காலி பாக்கெட்டையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். முளைப்பு சரியில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலரிடம் பாக்கெட் இருக்காது. குவியல் எண் தெரியாமல் நான் யாரை விசாரிப்பது?

வெங்காயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை இப்போது வருடா வருடம் முக்கால் ஏக்கர் சின்ன வெங்காயம் வைக்கிறார். அறுவடைக்குப் 10 நாள் முன்னால் தண்ணீரை நிறுத்திவிடுவார். கடைசி நேரத்தில் யூரியா தூவுவதில்லை. தூவினால் காய் பருக்கும், ஆனால் பட்டறையில் அழுகும். தாளோடு நிழலில் உலர்த்தி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்றுப் புகும்படி பட்டறை போட்டு, மேலே தென்னங்கீற்று வேய்ந்துவிடுவார். 3, 4 மாதம் தாங்கும். எடை குறையத்தான் செய்யும். அந்த எடை இழப்பை அவர், "காத்திருக்கறதுக்குக் கூலி" என்பார். 2023 டிசம்பரில் மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. பெரிய வெங்காய விலையைப் பிடிப்பதற்காகப் போட்ட தடையில் நம் சின்ன வெங்காயமும் சேர்ந்து மாட்டியது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று போகிற சரக்கு அது. சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று நம் விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி என்பதே என் கருத்து. தடை 2024 மே மாதம்தான் நீங்கியது, அதுவும் 40 சதவிகித ஏற்றுமதி வரியோடு. அந்த நேரத்தில் அவர் மொத்தத்தையும் பட்டறையில் வைக்கவும் இல்லை, மொத்தத்தையும் விற்கவும் இல்லை. களத்திலேயே பாதி, பிறகு மாதம் கொஞ்சம், விதைக்குக் கொஞ்சம். ஒரு வருடம் இதில் லாபம் குறைந்திருக்கிறது. செயின் மட்டும் அதற்கப்புறம் வங்கிக்குப் போகவில்லை.

பட்டறைக்கு ஒத்துவராத மக்காச்சோளம், நிலக்கடலை, பயறு போன்றவற்றுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கு இருக்கிறது. அங்கே இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். அறுவடை வாரத்தில் பணத்துக்காக மட்டும் விற்கிறவர்கள் இதை ஒருமுறை விசாரியுங்கள்.

அவரிடம் இன்னொரு பழக்கம். எந்த வியாபாரியாக இருந்தாலும் ஒரு வாரக் காசுக்கு மேல் வெளியில் நிற்க விடமாட்டார். எட்டாம் நாள் பாக்கி வரவில்லை என்றால் ஒன்பதாம் நாள் சரக்கு வேறு கடைக்குப் போகும். "பழக்கமான ஆளுதானே" என்று நான் ஒரு தடவை சொன்னேன். "பழக்கமான ஆளுகிட்டதான் மச்சான் பாக்கி நிக்கும்" என்றார்.

இனி கேள்வி கேட்ட வாசகருக்கு. 4 ஏக்கரிலும் போடாதீர்கள். முதல் போகம் அரை ஏக்கர் போடுங்கள். அந்த அரை ஏக்கரில் ஒரு ரூபாய்கூட வராமல் போனால் நகையை எடுக்காமல் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். 2 போகம் நன்றாக வந்தது என்பதற்காக மூன்றாவது போகத்தில் மற்றப் பயிர்களை விட்டுவிடாதீர்கள். நாங்கள் விழுந்தது மூன்றாவது போகத்தில். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். தரம் பார்ப்பது எங்கே, உங்கள் வயலிலா, தொழிற்சாலையிலா? கழித்த காய் யாருக்குச் சொந்தம்? சொன்ன நாளில் வண்டி வராவிட்டால் அன்றைய காய்க்கு யார் பொறுப்பு? எத்தனை நாளில் பணம்? அவர்கள் கொள்முதலை நிறுத்தினால் இடுபொருள் கடன் என்னாகும்? இந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் இல்லை என்றால், பேனாவால் எழுதி 2 பேரும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். 2019-ல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. ஒப்பந்தத்தை மாவட்டத்தில் வேளாண் வணிகத் துறையில் பதிவு செய்தால், பேசிய விலையை அவர்கள் மீறும்போது முறையிட ஒரு இடம் இருக்கும். 2009-ல் எங்களுக்கு அது இல்லை. "பதிவெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானே" என்று கம்பெனிக்காரர் சிரித்தால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

முக்கியமாக, உங்கள் ஊர் அலுவலர் "சரியா இருக்கு" என்று சொன்னால், இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாரா என்று பாருங்கள்.

சென்ற வாரம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தார். முருங்கை இலையைக் காயவைத்துத் தூளாக்கி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனம், ஓர் ஏக்கர் இலையை வருடம் முழுக்க எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்களாம். ஒப்பந்தம் 5 பக்கம், இந்தத் தடவை தமிழில்.

"படிங்க மச்சான்" என்று என் முன்னால் வைத்தார்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஒவ்வொரு வரியாக, சத்தமாக. அவர் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பையன் செல்போனில் குறித்துக்கொண்டான். தங்கை நடுவில் ஒருமுறை காபி கொண்டுவந்தாள். முடிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இலை எடுக்க வரும் நாளைப் பற்றி நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது, "கூடுமானவரை" என்கிற வார்த்தையோடு. அந்த இடத்தில் 2 பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.

"இலை நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஆடு திங்கும், காயா விட்டுருவேன், ஒட்டன்சத்திரத்துல போகும். அதெல்லாம் யோசிச்சாச்சு" என்றார். "ஆனா 'கூடுமானவரை'யை எடுக்கச் சொல்லணும்."

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை அந்த நிறுவனத்து ஆள் தோட்டத்துக்கு வருகிறாராம். என்னையும் லீவு போட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.